கை மாற்றும் நேரம்

புது மருத்துவமனைக்கு அவள் வேலையில் சேர வந்த காலையில், மழை விட்டுப் பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மாடிப்படி ஏறும்போதே மருந்து வாடையும் ஈரச் சுவரின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. படி முடிந்த இடத்தில் பெரிய சிஸ்டர் நின்றிருந்தாள். ஆபரேஷன் தியேட்டருக்குப் பொறுப்பானவள். வெற்றிலைக் கொடி போல ஒல்லி, ஆனால் குரல் கணீரென்று இருந்தது.

"வாங்க டாக்டர். உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். மயக்கம் கொடுக்க ஆளில்லாம சர்ஜன் கத்தியைத் தீட்டிக்கிட்டே உக்காந்திருக்கார்."

அவள் சிரித்தாள். சேர்ந்த வாரத்திலேயே அவளுக்கு அங்கே பட்டப்பெயரும் கிடைத்துவிட்டது. தாலாட்டு டாக்டர். ஊசி போடும்போது நோயாளியின் நெற்றியில் கை வைத்து, மெல்லிய குரலில் ஏதாவது பேசிக்கொண்டே தூங்க வைப்பாள். அந்தப் பேச்சுக்கு வந்த பெயர் அது.

ஆபரேஷன் என்றால் எல்லோருக்கும் கத்தி பிடிப்பவர்தான் கண்ணில் நிற்பார். தலைமாட்டில் நிற்பவரை யாரும் நினைப்பதில்லை. மயக்கம் ஏறியதும் மனிதனின் நாக்கு துவண்டு பின்னால் சரியும். தொண்டை அடைபடும். குழாயை மூச்சுக்குழலுக்குள் இறக்கும்வரை, காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் விரல்களைக் கொடுத்துத் தாடையை முன்னால் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு முகத்தைச் சும்மா தாங்கிக்கொண்டிருப்பது போலத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கை தளர்ந்தால் மூச்சு நின்றுபோகும். இருபது வருடமாக அவள் செய்த வேலை அதுதான்.

முதல் சில நாட்கள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. பிறகு மழை மறுபடி பிடித்துக்கொண்டது. புதிய தியேட்டரின் கூரை ஒழுகியது. வேறு வழியில்லாமல், நடையின் கடைசியில் பூட்டியே கிடந்த பழைய தியேட்டரைத் திறந்தார்கள்.

பெரிய சிஸ்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தயங்கினாள்.

"ஏன் சிஸ்டர், உள்ள பாம்பு கீம்பு இருக்கா?" என்று கேட்டார் சர்ஜன்.

"பாம்புன்னா அடிச்சுடலாமே சார்" என்றாள் சிஸ்டர். சிரிக்கவில்லை.

கழுவித் துடைத்து, புகை போட்டு, கருவிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்படியும் அந்த அறையின் காற்று போகவில்லை. யாரோ வாயைத் திறந்து ரொம்ப நேரம் தூங்கிய அறையில் இருக்குமே, அப்படி ஒரு வெதுவெதுப்பான, புளித்த காற்று.

அங்கே முதலில் படுத்தவர் ஒரு தையல்காரர். குடலிறக்கம். அவரைத் தூங்க வைத்து, தசைகளைத் தளர்த்தும் மருந்தையும் கொடுத்துவிட்டு, தாடையைப் பிடித்துக்கொண்டு, முகமூடியில் மாட்டிய மூச்சுப் பையை அழுத்தினாள். அந்த மருந்து ஏறிவிட்டால் மனிதன் இமையைக்கூட அசைக்க முடியாது. மூச்சு தானாக வரவே வராது. நாம் ஊதினால்தான் உண்டு.

குழாயை எடுக்கத் திரும்பியவள் பையை அழுத்தாமல் ஒரு கணம் விட்டாள்.

பை தானாகச் சுருங்கியது. பிறகு மெல்ல விரிந்தது.

அவள் உற்றுப் பார்த்தாள். அப்புறம் பை அசையவில்லை. குழாயை இறக்கி இயந்திரத்தோடு இணைத்தாள். திரையில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மேடு எழுந்து விழுந்தது. அந்த மேடுகளுக்கு இடையில், சின்னதாக இன்னொரு மேடு.

"மிஷின் பழசு டாக்டர்" என்றார் டெக்னீஷியன். "எங்கயாவது லீக் இருக்கும்."

இயந்திரத்தை மாற்றினார்கள். அடுத்த நோயாளிக்கும் அந்தச் சின்ன மேடு வந்தது.

அந்த அடுத்த நோயாளி பித்தப்பைக் கல்லுக்காக வந்த பள்ளி ஆசிரியை. ஆபரேஷன் முடிந்து, குழாயை எடுத்து, அவளைத் தட்டி எழுப்பினாள் தாலாட்டு டாக்டர். "கண்ணைத் திறங்க டீச்சர். எல்லாம் முடிஞ்சிருச்சு."

டீச்சரின் கண் திறக்கவில்லை. வாய் மட்டும் திறந்தது.

"விட்டுடாதீங்க."

கரகரத்த, தடித்த குரல். ஆண் குரல் என்றே சொல்லலாம். தொண்டையில் குழாய் இருந்த கரகரப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் டாக்டர்.

மறுநாள் வார்டில் டீச்சர் நன்றாகவே பேசினாள். அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. "ஆனா டாக்டர், தாடையை என்ன செஞ்சீங்க? அடிச்சீங்களா?" என்று சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக் காட்டினாள். காதுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில், கன்றிப்போய் நான்கு விரல் தடங்கள். மறுபக்கமும் அப்படியே.

டாக்டர் தன் விரல்களை அந்தத் தடங்களின்மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. அவை பெரிய கையின் தடங்கள்.

நேரே தையல்காரரின் கட்டிலுக்குப் போனாள். அவருக்கும் இருந்தது.

பெரிய சிஸ்டரைக் கருவிகள் கழுவும் அறையில் பிடித்தாள். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சிஸ்டர் அதை மூடவில்லை. வெளியே கேட்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ.

"எனக்குத் தெரியணும் சிஸ்டர்."

"என்ன தெரியணும்?"

"அந்தத் தியேட்டர்ல யாருக்கு என்ன ஆச்சு?"

சிஸ்டர் ஒரு கத்தரிக்கோலைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு லாரி டிரைவர். ஆள் மலை மாதிரி இருப்பான். பல்லுல சொத்தை வந்து, தாடைக்கு அடியில பெருசா சீழ்க்கட்டி. கீறி விடற வேலைதான், பெரிய ஆபரேஷனே இல்ல. ஆனா பயந்துட்டான். மயக்கம் ஏறறப்ப அப்ப இருந்த டாக்டர் கையைக் கெட்டியாப் பிடிச்சு, விட்டுடாதீங்க, விட்டுடாதீங்கன்னு சொல்லிக்கிட்டே தூங்கினான். தூங்கினதும் குழாய் உள்ள போகல. வீக்கம். எதுவும் போகல. டாக்டர் தாடையைத் தூக்கிப் பிடிச்சார். பிடிச்சிருக்கிற வரைக்கும் மூச்சு வந்துச்சு. கழுத்துல ஓட்டை போட சர்ஜன் முயற்சி பண்ணினார், அதுவும் கைகூடல. டாக்டர் அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னார். எவ்வளவு நேரம்னு நினைக்கறீங்க? கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. விரல் மரத்துப் போச்சு. இன்னொருத்தர் வாங்கிப் பிடிக்க வந்தார்."

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"கை மாத்தற நேரம் இருக்கு பாருங்க. அவ்வளவுதான். அதுல நின்ன மூச்சு திரும்பி வரவே இல்ல. யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது டாக்டர். நானும் அங்கதான் நின்னேன். அவன் தாடையில அந்த விரல் தடம் அப்படியே இருந்துச்சு. துணி போட்டு மூடினது நான்தான்."

அன்று மாலையே அந்தத் தியேட்டரை மூடச் சொல்லி நிர்வாகத்திடம் பேசினாள் டாக்டர். காரணம் கேட்டார்கள். காற்று சரியில்லை என்றாள். கூரை காயட்டும், பார்க்கலாம் என்றார்கள்.

கூரை காயவில்லை. மழை கொட்டித் தீர்த்தது. ஆற்றுப் பாலத்தின்மேல் தண்ணீர் ஏறி, ஊருக்கு வெளியே போகும் சாலை அறுந்துபோனது. அன்று காலையில்தான் அவளுடைய கொழுந்தனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கணவனின் ஒரே தம்பி. அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அரைக்கால் சட்டையோடு திரிந்தவன். இப்போது கழுத்தே தெரியாத பருமன், நெஞ்சுவரை தாடி. வீட்டில் அவன் இருந்தால் வேறு யாரும் பேச முடியாது. அவ்வளவு வாய். குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்துச் சமாளிக்கிற நிலை இல்லை. வேறு ஊருக்கு அனுப்பச் சாலை இல்லை. மயக்கம் கொடுக்க அவளை விட்டால் ஆளும் இல்லை.

"சொந்தக்காரங்களுக்கு நாமளே கொடுக்கக் கூடாதுன்னு சொல்வாங்க" என்றார் சர்ஜன் தணிந்த குரலில். "ஆனா தாமதிச்சா ஆள் தேற மாட்டார்."

நடையில் அவன் மனைவி, அவளுடைய ஓரகத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, நீங்க இருக்கீங்கல்ல" என்று மட்டும் சொன்னாள்.

மேசையில் படுத்தவன் அந்த வலியிலும் வாயை மூடவில்லை.

"அண்ணி, தாடியில மட்டும் கை வச்சுடாதீங்க. வளக்கறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அவள் அந்தத் தாடிக்குள் விரல் விட்டுப் பார்த்தாள். தாடிக்கு அடியில் மோவாயே இல்லை. உள்வாங்கிய, சின்னத் தாடை. குழாய் போடுவதற்கு இதைவிட மோசமான முகம் அமையாது.

"அண்ணி, ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"பேசாம ஆழமா மூச்சை இழுப்பா."

நெற்றியில் கை வைத்தாள். எப்போதும் பேசும் பேச்சு அன்று வரவில்லை. மருந்து ஏறியது. அவன் கண்கள் செருகின.

கருவியால் நாக்கை நெம்பி உள்ளே பார்த்தாள். சதை. வெறும் சதை. குரல்வளை கண்ணுக்கே தென்படவில்லை. குழாய்க்கு வழிகாட்டும் வளைந்த கம்பியை விட்டுத் துழாவினாள். போகவில்லை. முகமூடியை வைத்துப் பையை அழுத்தினாள். பை கல்லாக இறுகி நின்றது. காற்று இறங்கவில்லை.

நாடியோடு சேர்ந்து ஒலிக்கும் இயந்திர ஓசை இறங்கத் தொடங்கியது. ரத்தத்தில் பிராணவாயு குறையக் குறைய அதன் சுருதி தாழும். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பயங்கரமான சத்தம் கிடையாது.

டூங். டூங். டூங்.

தொண்டையில் வைக்கும் ரப்பர் முகமூடியைத் திணித்தாள். அதுவும் உட்காரவில்லை. சர்ஜன் கத்தியை எடுத்துக்கொண்டு கழுத்துப் பக்கம் வந்தார். பெரிய சிஸ்டரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

டாக்டர் எல்லாவற்றையும் கீழே போட்டாள். இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்துத் தன் பலமெல்லாம் திரட்டித் தூக்கினாள். சிஸ்டர் முகமூடியை அழுத்திப் பிடித்தாள். பையை அழுத்தக் கை இல்லை. டெக்னீஷியன் ஓடி வருவதற்குள்...

நெஞ்சு எழும்பியது.

யாரும் பையைத் தொடவில்லை. தசையைத் தளர்த்தும் மருந்து முழுதாக ஏறிய உடம்பு அது. நெஞ்சு எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பியது. நிதானமான, பெரிய மூச்சு. மலை மாதிரி ஓர் ஆள் விடும் மூச்சு.

ஓசையின் சுருதி ஏறியது.

"அப்பாடா" என்றார் சர்ஜன். வேர்த்திருந்தார். "நல்லா வருதே."

அவள் ஒரு கையை மட்டும் தளர்த்தி ரப்பர் முகமூடிக்காக நீட்டினாள். அந்தக் கணமே நெஞ்சு நின்றது. சுருதி மளமளவென்று சரிந்தது. முகமூடிக்குள்ளிருந்து, அசைய முடியாத உதடுகளுக்கு இடையிலிருந்து, வெதுவெதுப்பாக ஒரு காற்று வந்து அவள் மணிக்கட்டில் பட்டது.

"விட்டுடாதீங்க."

சிஸ்டருக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் கண்கள் அகன்றன.

கை மறுபடி தாடைக்குப் போனது. மூச்சு வந்தது.

"நீங்க ஆரம்பிங்க சார்" என்றாள் டாக்டர். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "சீக்கிரம் முடிங்க. நான் இப்படியே பிடிச்சுக்கறேன்."

"குழாய் இல்லாமலா? வயித்துல இருக்கிறது மேல வந்து மூச்சுக்குள்ள போச்சுன்னா?"

"வரக் கூடாதுன்னு வேண்டிக்கங்க. ஆரம்பிங்க."

சர்ஜன் வயிற்றைத் திறந்தார். அதற்குப் பிறகு அங்கே பேச்சே இல்லை. சீழை உறிஞ்சும் சத்தம். கருவிகள் தட்டில் விழும் சத்தம். அந்தப் பெரிய மூச்சு. புளித்த காற்று அறை முழுக்க நிறைந்திருந்தது. சின்ன மேடு என்று இப்போது எதுவுமில்லை. திரையில் இருந்ததெல்லாம் பெரிய மேடுதான். கொழுந்தனுடைய மூச்சு எது என்று தேடினாள். அவனுடையது என்று ஒன்று அதில் இல்லை.

அவளுக்கு விரல்கள் வலித்தன. பிறகு எரிந்தன. பிறகு அவை இருப்பதே தெரியவில்லை. முழங்கை நடுங்கத் தொடங்கியது. அவன் தாடிக்கு அடியில், அவள் விரல்களைச் சுற்றி, தோல் கன்றிக் கறுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் விரல் படாத இடத்தில், இன்னும் பெரிய விரல்களின் வடிவில்.

"டாக்டர்" என்று சிஸ்டர் கிசுகிசுத்தாள். "கை நடுங்குது. நான் வாங்கிக்கவா? கை மாத்..."

சொல் பாதியில் நின்றது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூச்சும் நின்றிருந்தது. அவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்று அது காத்திருந்தது.

"வேண்டாம்" என்றாள் தாலாட்டு டாக்டர். குனிந்து, அந்தக் காதருகில் சொன்னாள்: "மாத்த மாட்டேன். நான்தான் பிடிச்சிருக்கேன்."

மூச்சு வந்தது.

சர்ஜன் கடைசித் தையலைப் போட்டார். மயக்க வாயுவை நிறுத்தினார்கள். மருந்தை முறிக்கும் ஊசியைச் சிஸ்டர் போட்டாள். இனிமேல் கையை எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆயுசுக்கும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. எப்படி எடுப்பது? அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. ஒவ்வொரு நோயாளிக்கும் முடிவில் சொல்கிற சொல்லை, அந்த லாரி டிரைவருக்கு மட்டும் யாருமே சொல்லவில்லை. துணி போட்டு மூடியதோடு சரி.

அவள் கண்ணில் நீர் முட்டியது. நெற்றியோடு நெற்றி படும் அளவுக்குக் குனிந்தாள்.

"ஆபரேஷன் முடிஞ்சிருச்சுங்க. எல்லாம் முடிஞ்சிருச்சு. இனிமே யாரும் பிடிக்க வேண்டாம். கண்ணைத் திறங்க. எழுந்திரிங்க."

நீளமாக ஒரு மூச்சு வெளியே போனது. போய்க்கொண்டே இருந்தது. ஒரு மனிதனின் நெஞ்சில் அவ்வளவு காற்று இருக்க முடியாது.

அவள் கைகளை எடுத்தாள்.

அமைதி.

பிறகு ஒரு இருமல். இமை துடித்தது. கொழுந்தன் கண்ணைத் திறந்து, சுற்றிலும் விழித்து, அவளைக் கண்டுபிடித்தான்.

"அண்ணி... தாடி இருக்கா?"

பெரிய சிஸ்டர் சுவரோரமாகப் போய் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு அந்தத் தியேட்டரில் எந்தக் குறையும் இல்லை. புளித்த காற்று போய்விட்டது. திரையில் இரண்டாவது மேடு வரவில்லை. யாருடைய தாடையிலும் தடம் விழவில்லை. "நிம்மதியாப் போய்ச் சேர்ந்துட்டான் டாக்டர்" என்று ஒருநாள் டீ குடிக்கும்போது சிஸ்டர் சொன்னாள். "ஒரு வார்த்தைதான் கேட்டிருக்கான், பாவம்." கொழுந்தனும் தேறி, தையல் பிரித்து, வார்டு முழுக்கச் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். தாலாட்டு டாக்டர் ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

ஒரு மதியம் ஓரகத்தி போன் செய்தாள்.

"அக்கா, கொஞ்சம் வீடு வரைக்கும் வந்துட்டுப் போறீங்களா?"

"என்னம்மா? காய்ச்சலா?"

"இல்லக்கா. முழிச்சிருக்கறப்ப நல்லாத்தான் இருக்கார். நீங்க வாங்களேன்."

போனாள். கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் ஜன்னல் வழியாக வெயில் விழுந்திருந்தது. சாப்பிட்ட தட்டு மேசையில் அப்படியே காய்ந்திருந்தது. சோபாவில் கொழுந்தன் மல்லாந்து தூங்கினான். அவன் தலைமாட்டில் ஓரகத்தி மண்டியிட்டிருந்தாள். கலைந்த தலை, கண்ணைச் சுற்றிக் கருவளையம். அவள் இரண்டு கைகளும் அவன் தாடிக்குள் இருந்தன. காதுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில், விரல்களைச் சரியாகக் கொடுத்து முன்னால் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"யாரு உனக்கு இப்படிப் பிடிக்கக் கத்துக் கொடுத்தது?"

"யாரும் இல்லக்கா. வீட்டுக்கு வந்த அன்னிக்குத் தூக்கத்துல என் கையைப் பிடிச்சு இங்க வச்சார். எடுத்தா மூச்சு நின்னுடுது. இவர்கிட்ட சொன்னா நம்பாம சிரிக்கறார்." அவள் குரல் உடைந்தது. "எனக்குக் கை ஓஞ்சு போச்சுக்கா. கொஞ்சம் வாங்கிக்கறீங்களா? முகம் கழுவிட்டு வந்துடறேன்."

டாக்டர் அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். தன் விரல்களை அவள் விரல்களுக்கு அடியில் கொடுத்தாள். ஓரகத்தி மெல்ல, மெல்லக் கையை உருவிக்கொண்டாள்.

அந்த ஒரு கணம் நெஞ்சு அசையவில்லை.

பிறகு எழும்பியது. பெரிய, நிதானமான மூச்சு. கூடம் முழுக்க வெதுவெதுப்பாகப் பரவியது.

ஓரகத்தி உள்ளே போய்க் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. டாக்டர் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கண்கள் மூடியிருந்தன. உதடுகள் அசையவில்லை.

"டாக்டர்" என்றது கரகரத்த குரல், மிகவும் மரியாதையாக. "நீங்க சொன்ன மாதிரிதான் எழுந்திரிச்சு வந்தேன். எனக்கு மட்டும் ஏன் முழிப்பே வர மாட்டேங்குது?"